பென்சில் அழித்த தழும்பு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்வரிசையை அழகு செய்யும் மூத்தோரே, மடியில் பிள்ளையைத் தட்டிக்கொண்டே என் பேச்சையும் கேட்கும் தாய்மாரே, காமிராவும் கையுமாய் நிற்கும் இளையோரே, வணக்கம்.

மறைந்த என் கணவரின் படத்தைத் திறந்து வைக்க அழைத்தீர்கள். திரையை இழுக்குமுன் ஒரு செய்தி.

அவருடைய போட்டோ ஸ்டுடியோவில் ஒரு வழக்கம். நெகட்டிவின் மேல் கூரிய பென்சில் பிடித்து, முகத்திலுள்ள பருவையும் வடுவையும் மறைத்துவிடுவார். யாரும் கேட்காமலே செய்வார். "முகம் பளிச்சுன்னு இருக்க வேணாமா?" என்பார்.

ஒரு நாள் தையல்கார அம்மா ஒருவர் வந்தார். காய்ச்சலுக்கு மகளைப் பறிகொடுத்தவர். மகளுக்கென்று இருந்த ஒரே படம், எங்கள் ஸ்டுடியோவில் எடுத்தது. அதை மேசைமேல் வைத்தார்.

"அண்ணா, எம்பொண்ணு எங்கே?"

"இதோ இருக்காளேம்மா."

"இது யாரோ அழகான பொண்ணு. அவ நடை பழகறப்ப என் தையல் மெஷின்ல முட்டிக்கிட்டா. நெத்தியில தழும்பு. தலை வாரிவிடும்போதெல்லாம் என் விரல் அங்கதான் நிக்கும். இப்ப விரல் வைக்க இடமில்லையே அண்ணா!"

ஊரையே பேசிச் சிரிக்க வைத்தவர் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். யார் கேட்டார் அந்த அழகை? யார் தந்தார் அந்த உரிமை? நெகட்டிவைத் தேடி எடுத்தார். பஞ்சில் டர்பன்டைன் தொட்டுப் பென்சில் கோட்டைத் துடைத்தார். புதிதாகப் பிரின்ட் போட்டார். தட்டில், மருந்து நீருக்கடியில், முகம் வந்தது; முகத்தோடு தழும்பும் வந்தது. ஈரம் காயும்வரை அந்தத் தாய் பொறுக்கவில்லை. விரலை அங்கே வைத்தார்.

"வந்துட்டியாடி" என்றார்.

அன்று கீழே வைத்த பென்சிலை என் கணவர் மறுபடி தொடவில்லை.

இன்று காலை இந்தத் திரைக்குள் எட்டிப் பார்த்தேன். பின்வரிசையில் என்ன சிரிப்பு? படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று பள்ளியில் கன்னியாஸ்திரீகள் சொல்லி வளர்ந்தவள் நான். பார்க்காமல் படம் திறப்பேனா? உள்ளே இருப்பவருக்கு நெற்றியில் சுருக்கமில்லை. கோணல் பல்கூட நேராக நிற்கிறது. கம்ப்யூட்டரில் இளமையாக்கியிருக்கிறீர்கள். அன்பினால் செய்தது, அறிவேன். ஆனால் தம்பிமாரே, அந்தச் சுருக்கங்களில் பாதி என்னால் வந்தவை! அவற்றை அழிக்க நீங்கள் யார்?

என் கைப்பையில் அவருடைய படம் இருக்கிறது. கோணல் பல்லும் கலைந்த முடியுமாய், அவரேதான். "ஃப்ரேம் மாட்டியாச்சேம்மா" என்று செயலாளர் தம்பி முனகுவது காதில் விழுகிறது. கழற்றுங்கள். நான் நிற்கிறேன்.

என் விரலுக்கும் இடம் வேண்டும், தம்பி.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. விடைபெறும் வணக்கத்தை மட்டும், அவர் முகம் வந்த பிறகு சொல்கிறேன்.