பட்டாளக்காரன் பால்

இல்ல சார், குப்பியை இப்பவே எடுக்க வேணாம். பையிலயே இருக்கட்டும். சாயாவைக் குடிங்க, ஆறிப்போகுது. பட்டாளக்காரன் எங்கயும் ஓடிப்போயிர மாட்டான். உத்தரத்துக்குள்ளதான இருக்கான், உங்களுக்குன்னே வளத்து வச்ச மாதிரி.

எங்க வீட்டுக்காரரா? கீழ கிடங்குலதான் இருக்காரு, மூட்டைச் சுமடு எடுக்கிற இடத்துல. அழகர்னு ஒரு குரல் குடுத்தா ஏறி வந்துருவாரு. வேணாம் சார், கூப்பிடலை. அவர் வந்தா கை நீண்டுரும். நான்னா வாயோட போயிரும். அதுவும் இன்னைக்குத்தான். உங்களுக்கே தெரியும், ஆம்பளைங்க முன்னால எனக்குப் பேச்சு வராது. மூணாங்கிளாசோட நின்னவ. நீங்க வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால நின்னு தலையை மட்டும் ஆட்டுவேன். அப்படி ஆட்டி ஆட்டித்தான் சார் இப்ப நடுத்தெருவுக்கு வந்து நிக்கிறோம்.

ஆமா, நடுத்தெருவுதான். ராசப்பன் முதலாளி ஓணத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. ரூம் போனா இவருக்கு வேலையும் போச்சு. கிடங்குல சுமக்கிறவனுக்குத்தான மாடி ரூம்? நாங்க சிதலை, அதான் கரையானை, வளத்தோமாம், தெரிஞ்சே மறைச்சோமாம். அவர் சொல்றது பொய்யா சார்? நீங்களே சொல்லுங்க. வளத்தோமா இல்லையா? மறைச்சோமா இல்லையா?

யாரு வளக்கச் சொன்னா, அதுதான் அவருக்குத் தெரியாது.

ஏன் சார் அந்தப் பக்கம் பாக்கிறீங்க? அன்னைக்கு நீங்க கீழ வாசல்ல கிடந்த பழைய பலகையைத் தட்டித் தட்டி காதை வச்சுக் கேட்டுட்டு இருந்தீங்க. பைத்தியம்னு நினைச்சு இவர் சிரிச்சுக்கிட்டே, எங்க ரூம்லயும் இருக்கு சார், வந்து பாருங்கன்னாரு. மேல வந்தா நான் மண்ணெண்ணெய்த் துணியோட நிக்கிறேன். மூலையில மண்ணு குழாய் குழாயா ஏறியிருந்துச்சு. ஐயோ, ஊத்தாதேம்மா, ஊத்தாதேன்னு ஓடி வந்தீங்க. தமிழ்! இந்த மட்டாஞ்சேரியில ஒரு படிச்ச மனுசன் வாயில தமிழைக் கேட்டா எப்படி இருக்கும்? பாலக்காட்டுத் தமிழா இருந்தா என்ன? நம்மாளுன்னு நினைச்சேன். துணியைக் கீழ போட்டேன். அன்னைக்குப் போட்டதுதான்.

வாடை பட்டா பால் கெட்டுப்போயிரும்னீங்க. எதோட பால்னு முழிச்சேன். ஒரு மரத்துண்டை உடைச்சு வெள்ளைப் பீங்கான் தட்டுல தட்டினீங்க. வெள்ளை வெள்ளையா ஓடினதெல்லாம் வேலைக்காரன், மஞ்சத் தலையும் கொடுக்கு மாதிரி வாயுமா நிமிந்து நின்னது பட்டாளக்காரன்னீங்க. கண்ணாடிக் குழல் நுனியால தலையைத் தொட்டீங்க. நெத்தியில இருக்கிற ஓட்டையிலேர்ந்து ஒரு சொட்டு. வெள்ளை வெளேர்னு, அசல் பால். அப்ப பேச்சி என் மடியில பால் குடிச்சுட்டு இருந்தா. எனக்கு என்னமோ போல ஆச்சு, முந்தானையை இழுத்துவிட்டுக்கிட்டேன். நீங்க எங்க கவனிச்சீங்க, கண்ணெல்லாம் தட்டுலதான.

உங்களுக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்காது. அதனால குழல் என் கைக்கு வந்துச்சு. நீங்க வர்றபோதெல்லாம் நான் தொடுவேன், நீங்க சொல்லிக்கிட்டே இருப்பீங்க. நல்லாத்தான் சொன்னீங்க, அதைக் குறை சொல்ல மாட்டேன். பால் பை தலையில மட்டும் இல்ல, வயித்துக்குள்ள முக்கால்வாசி அதுதான்னு சொன்னீங்க. மெழுகும் கொழுப்பும் ஏதோ பசையும் தண்ணியில கலந்து நிக்குதுன்னு சொன்னீங்க. உள்ள இருக்கிற வரைக்கும் பால், காத்து பட்டா கோந்து. எறும்பு வந்து மோதினா அதோட வாயும் காலும் ஒட்டிக்கிரும். மரத்துல கூடு கட்டுற இன்னொரு ரகம் மூக்கால பீச்சும், அதுல டர்பன்டைன் வாடை வரும், கடிச்சா கை பழுப்பேறுற ரகமும் இருக்கு, ஆனா எனக்கு இதுதான் வேணும், இதுல என்னென்ன இருக்குன்னு யாரும் முழுசாப் பிரிச்சுப் பாக்கலைன்னீங்க. பிரிச்சுப் பாத்துட்டீங்கல்ல இப்ப? உங்க பேரு வெளிநாட்டுப் புஸ்தகத்துல எல்லாம் வந்துச்சாமே. சந்தோசம் சார். நெசமாவே சந்தோசம்.

என் விரலைப் பாத்திருக்கீங்களா? அந்தக் கோந்து தேங்காயெண்ணெய் போட்டுத் தேச்சாத்தான் போகும். அந்த விரலாலதான் பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன். விஷம் இல்லையான்னு கேட்டதுக்கு, சே சே, எறும்புக்குத்தான் விஷம், நமக்கு ஒண்ணும் பண்ணாதுன்னீங்க. சரின்னு தலையாட்டினேன்.

குழாயை உடைச்சுராதே, மூலையில ஈரத்துணி போட்டு வை, முதலாளிகிட்ட மூச்சு விடாதே, அவன் மருந்தடிச்சா எல்லாம் போச்சு. இதெல்லாம் யாரு சொன்னது? என் மாமியாரா சொன்னாங்க? முதலாளி வாடகைக்கு வர்றப்ப அந்த மூலையில முருகன் காலண்டரை மாட்டி மறைச்சேன் சார். சாமியை வச்சு மறைச்சேன். தரை தாங்குமா சார்னு ஒரே ஒருநாள் வாயைத் திறந்து கேட்டேன். பழைய காலத்து மரம், உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்னு சிரிச்சீங்க. படிச்சவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

பேச்சியா? பக்கத்து வீட்டுக் காளியம்மை அக்காகிட்ட இருக்கா. கையில கட்டோட. என்ன கட்டுன்னு கேக்கிறீங்களா? நடிக்காதீங்க சார், உங்களுக்கு நடிப்பு வரலை. தரைப் பலகை உள்வாங்கி பிள்ளை கிடங்குக்குள்ள விழுந்துட்டா, முதலாளி எல்லாத்தையும் பாத்துட்டாரு, ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கன்னு கேக்கத்தான் படகுல ஏறி எர்ணாகுளத்துக்கு உங்க காலேஜ் வரைக்கும் வந்தோம். வெயில்ல, கட்டுப்போட்ட பிள்ளையோட. நீங்க வராந்தாவுல நின்னதை நான் பாத்தேன். பியூன் சேட்டன் ஒருத்தரை அனுப்பி, சாருக்கு உங்களைத் தெரியாதாம்னு சொல்ல வச்சீங்க. தெரியாதாம்! என் கைச் சாயா எத்தனை குடிச்சிருப்பீங்க?

வேலைக்குப் பிரச்சினை வரும், சரி. அடுத்தவன் கட்டடத்துல கேக்காம வளத்தேன்னு தெரிஞ்சா காலேஜ்ல கேள்வி கேப்பாங்க. சரிதான். எங்களுக்கு மட்டும் வேலை இல்லையா? உங்க வேலை வேலை, எங்க வேலை சுமடா?

நீங்கதான் சொன்னீங்க, பட்டாளக்காரனுக்குத் தானா தின்னத் தெரியாது, வேலைக்காரன் ஊட்டணும். கூட்டுல ஓட்டை விழுந்தா அது வந்து ஓட்டை வாயில நிக்கும், மத்ததெல்லாம் உள்ள ஓடிரும். எறும்பு மேல பாலை விட்டுட்டு, அந்தக் கோந்துலயே தானும் ஒட்டிச் சாகும். உள்ள இருக்கிறதுங்க மண்ணைக் கொண்டாந்து செத்ததோட சேத்து ஓட்டையை அடைச்சுரும். அன்னைக்குக் கேக்கும்போது பாவம்னு நினைச்சேன். காலேஜ் வாசல்லேர்ந்து திரும்பி வர்றப்ப படகுல உக்காந்து அதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். என்னை ஓட்டை வாயில நிறுத்திட்டு நீங்க உள்ள போயிட்டீங்க.

இத்தனைக்கும் அப்புறம் இன்னைக்கு வந்து, முதலாளி மருந்தடிக்கிறதுக்கு முன்னால இன்னும் ஒரு குப்பி கிடைக்குமா அங்கம்மான்னு கேக்கிறீங்க. பிள்ளை எப்படி இருக்குன்னு வந்ததும் கேக்கலை. நான் சாயா போட்டுக் குடுத்து இவ்வளவு நேரம் பேசினதுக்கு அப்புறம்தான் பேச்சி எங்கன்னு ஒரு வார்த்தை.

எந்திரிக்காதீங்க சார்.

சாயா சிந்துனா சிந்தட்டும், நான் தொடச்சுக்கிறேன். நீங்க அசையாம இருங்க. காலை மாத்திப் போட வேணாம். கோவத்துல சொல்லலை, உங்க நல்லதுக்குச் சொல்றேன். உங்க ஸ்டூலுக்குக் கீழ பாய் இருக்குல்ல, பாய்க்குக் கீழ ஒரு பெட்டிப் பலகை. பிள்ளை விழுந்த ஓட்டைக்கு முதலாளி தற்காலிகமா வச்சு மூடினது. ஆணிகூட அடிக்கலை, அடிக்க மரம் இல்லையாம், உள்ள எல்லாம் மாவாக் கிடக்காம். நாங்க அந்தப் பக்கம் போறதில்ல. சுவத்தோரமாத்தான் நடப்போம். நான்தான் இன்னைக்கு ஸ்டூலை அங்க போட்டேன்.

கத்தாதீங்க. ஒண்ணும் ஆவாது. பேசினா ஆவாது, அசைஞ்சாத்தான்.

பயமா இருக்கா? பழைய காலத்து மரம் சார்.

நான் உங்களை ஒண்ணும் பண்ணச் சொல்லலை. படியில சத்தம் கேக்குதா? முதலாளிதான். இந்நேரத்துக்கு வாங்கன்னு சொல்லிவிட்டிருந்தேன். அவர் கேப்பாரு, நீங்க உள்ளதைச் சொல்லுங்க. நான்தான் ஊத்தாதேன்னேன், நான்தான் மறைக்கச் சொன்னேன், இந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. அவ்வளவுதான். சொல்லி முடிச்சதும் நானே கையைப் பிடிச்சு சுவத்தோரமாக் கொண்டுபோய் விட்டுர்றேன். தெரியாதுன்னு மட்டும் சொல்லிராதீங்க. அன்னைக்குக் கீழ இஞ்சிச் சாக்கு கழுத்தளவுக்கு அடுக்கியிருந்துச்சு, அதனால பேச்சிக்குக் கையோட போச்சு. சாக்கு முழுசையும் காலையிலதான் வள்ளத்துல ஏத்தினாங்க. இப்ப கீழ வெறும் கல்லு.

வாங்க முதலாளி. வேணாம், உள்ள வராதீங்க, வாசப்படியோட நில்லுங்க. சார் ஏதோ சொல்லணுமாம்.