பதினாறில் ஒரு கட்டம்

பெயரையும் விலாசத்தையும் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் தம்பி முதல் தாளில் எழுதிக்கொண்டார். வயது எழுபத்துமூன்று, படிப்பு ஐந்தாம் வகுப்பு. தொழில் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதினார். நான்கு பேருக்குப் பாட்டி என்று மாற்றச் சொன்னேன், அதற்குத் தாளில் இடமில்லை என்றார்.

களவு போன பொருளுக்கு அடையாளம் கேட்டார்கள். அது ஒரு சட்டம் போட்ட போட்டோ. அதில் இடது ஓரம் நிற்பவன் என் மூத்த பேரன், தங்கப் பதக்கம் வாங்கியவன், ஆற்றுக்குக் குறுக்கே அவன் கட்டிய பாலத்தில் இன்று லாரி ஓடுகிறது. அவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் மாட்டு டாக்டர், ஆயிரம் பேர் எழுதிய பரீட்சையில் மூன்றாவதாக வந்தவன். அவன் தோளில் கை போட்டிருப்பவள் கணக்குக்காரி, காலேஜில் பாடம் எடுக்கிறாள், அவள் எழுதிய கட்டுரையைப் படிக்க வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் கடைக்குட்டி ஓட்டப்பந்தயக்காரி, அவள் மெடல்களை மாட்ட அவளுடைய அப்பா சுவரில் ஆணி அடித்தே ஓய்ந்துபோனான். இதெல்லாம் எதற்கு என்று ரைட்டர் தம்பி கேட்டார். போட்டோ கிடைத்தால் அதுதானா என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அதன் பிறகு எழுதினார்.

எனக்கு இரண்டு வருஷமாகக் கண்ணில் புரை. போட்டோவில் நான்கு பேரும் நான்கு வெள்ளைப் புகையாகத்தான் தெரிவார்கள். பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கட்டுப் பிரித்ததும் முதலில் பேரப்பிள்ளை முகத்தைத்தான் பார்ப்பது என்று மனதில் வைத்துக்கொண்டு நால்வருக்கும் போன் செய்தேன். நால்வரும் ஒரே மாதிரி, லீவு கிடைத்தால் உண்டு, பாதிக்குப் பாதி என்றார்கள்.

அதன் பிறகு கணக்குக்காரியிடம், நாலு பாதியைக் கூட்டினால் ரெண்டு ஆகுதே, ரெண்டு பேர் நிச்சயம் வந்துருவீங்களா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அப்படிக் கூட்டக்கூடாது பாட்டி. ஒருத்தராவது வர்றதை நேரா எண்ணினா தலை சுத்தும். அண்ணன் மட்டும் வரலாம், அண்ணனும் குட்டியும் வரலாம், மூணு பேர் வரலாம், எத்தனையோ விதம் இருக்கு. திருப்பிப் போடணும். யாருமே வராம போறது ஒரே ஒரு விதம்தான். அதைக் கண்டுபிடிச்சு ஒண்ணுலேர்ந்து கழிச்சிடு."

"யாருமே வராம போறதுன்னு வாயால சொல்லாதடி."

"கழிக்கத்தானே சொல்றேன்."

அவள் சொன்னபடி ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து ஆளுக்கு ஒரு மடிப்பாக நான்கு முறை பாதி பாதியாக மடித்தேன். விரித்தால் பதினாறு கட்டம். அதில் ஒன்றுதான் நால்வரும் வராத கட்டம். நான் படித்த காலத்தில் அதற்கு வீசம் என்று பெயர். அந்தக் கட்டத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மிச்சம் பதினைந்தையும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனேன்.

கட்டுப் பிரித்த அன்று பக்கத்து வீட்டு நர்ஸ் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். சுவரில் ஆணி ஓட்டை வரை தெரிந்தது. போட்டோ அலமாரி மேல் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. ஆள் வரப்போகும்போது படத்தை எதற்கு முதலில் பார்ப்பது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் தடவிச் சட்டத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

அதன் பிறகு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். கதவைப் பூட்டவில்லை. மூத்தவன் காரில் வேறு வழியாக வந்தால் வாசலில் நிற்கக்கூடாது என்று திறந்தே வைத்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா, "வராதவங்களுக்காகவா திறந்து போட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டார். நான் போகும்போது அவர்கள் வராதவர்கள் இல்லை என்று சொன்னேன்.

பஸ் வந்தது, போனது, இன்னொன்று வந்தது. இறங்கியவர்கள் எல்லோருடைய முகமும் தெளிவாகத் தெரிந்தது. கண்டக்டருக்கு மீசை நரைத்திருந்தது, ஒரு பெண்ணுக்கு மோவாயில் மச்சம் இருந்தது. மதியம் தாண்டி வீட்டுக்குத் திரும்பினேன். போட்டோவையும் கைக்கடிகாரத்தையும் காணோம். சட்டத்தை வெள்ளி என்று நினைத்திருப்பான், அது வெறும் பூச்சு. யார் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. கடிகாரம் அவனிடமே இருக்கட்டும்.

அதன் பிறகு மூத்தவனுக்குப் போன் செய்தேன். "பதினாறுல பதினஞ்சுன்னு அவ எங்க எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருந்தா பாட்டி. எப்படியும் ஒருத்தர் வந்துருவாங்க, நான் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்" என்றான். மாட்டு டாக்டரும் அதையே சொன்னான். கடைக்குட்டி பயிற்சியை விட்டுவிட்டுப் பையைக் கட்டி வைத்திருந்தாளாம், மெசேஜைப் பார்த்துவிட்டுப் பிரித்தாளாம். கடைசியாகக் கணக்குக்காரிக்குப் போன் செய்தேன்.

"நீயாவது வந்திருக்கலாமேடி."

"நானும் அந்தப் பதினஞ்சை நம்பிட்டேன் பாட்டி. அவங்கவங்க தனித்தனியா முடிவெடுத்தாத்தான் அந்தக் கணக்கு சரியா வரும். நான் எல்லாருக்கும் சொல்லித் தொலைச்சேன். சொன்னதும் நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி ஆயிட்டோம்."

அழுதாள். அழாதே, கண்ணுக்குக் கெடுதல் என்றேன். இங்கே அவள் கணக்கு தப்பு என்று எழுத வேண்டாம். வெளிநாட்டில் கூப்பிட்டுக் கேட்ட கணக்கு அது. கழித்தது சரிதான், கழித்ததை நான்தான் குப்பையில் போட்டுவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று இருந்துவிட்டேன்.

இதை ரைட்டர் தம்பி எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு நானே வாங்கி, என் கண்ணாலேயே ஒரு வரி விடாமல் படித்தேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது.

(கையெழுத்து)

கையெழுத்துக்குக் கீழே ஒன்று சேர்க்கச் சொன்னேன். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார். இதன் நகல் நான்கு பேருக்கும் போக வேண்டும். எனக்குப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். நால்வரும் சேர்ந்து நிற்க நாள் பார்க்க வேண்டாம், ஒருவர் முகம் போதும், பெரிதாக இருக்கட்டும். ஆனால் அடுத்தவர் அனுப்பியாயிற்றா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல் அனுப்பச் சொல்லுங்கள்.