பத்து சேர்த்தாச்சு

காலேஜு: "அம்மா, நீ கட்டுற வீட்டுல தப்பு வந்துட்டா எந்த ரப்பர் வச்சு அழிப்பே?" இந்த வேலையில சேர்ந்த அன்னிக்கு என் பொண்ணு கேட்டா அண்ணே. இன்னிக்கு வரைக்கும் பதில் தெரியல.

தச்சர்: இதுக்குத்தான் காலையிலேருந்து குறுக்கும் நெடுக்குமா நடக்கிறியா? உட்காரும்மா, பலகை தேஞ்சிரும்.

காலேஜு: எப்படி உட்கார்றது? மூணு மணிக்கு காலேஜ் சார் வந்துருவார். இப்பவே ரெண்டே முக்கால்.

தச்சர்: வரட்டுமே. நாலு நாள் இங்க வேலை, ஒரு நாள் அங்க படிப்பு. அதனாலதானே உனக்குக் காலேஜுன்னே பேர் வச்சோம். இன்னும் ஒரு வருஷத்துல டிகிரி. அவர் என்ன புலியா?

காலேஜு: நோட்டைப் பார்ப்பார். அதுல ஒரு பக்கம்... "இந்த வருஷம் நான் செஞ்ச தப்பு." காலியா கிடக்கு.

தச்சர்: காலியாவே விடு. தப்பே செய்யலன்னு நினைச்சுக்குவார்.

காலேஜு: செஞ்சேனே.

தச்சர்: எது, டீயில உப்பு போட்டியே, அதா?

காலேஜு: விளையாடாதீங்க. நாலாவது மாடியில பைப் இறங்குற ஓட்டையைக் கான்கிரீட் அடைச்சுடாம மரப்பெட்டி வைக்க நான்தானே அளந்து கோடு போட்டேன்? டேப் முனை ஆடுதுன்னு பூஜ்யத்தை விட்டுட்டு பத்து சென்டிமீட்டர் கோட்டுலேருந்து பிடிச்சேன்...

தச்சர்: எல்லாரும் அப்படித்தான் பிடிப்போம்.

காலேஜு: பிடிச்சா, கோடு போடுறப்போ பத்தைச் சேர்த்துக்கணும்ல? சேர்க்கல. நீங்க என் கோட்டை நம்பிப் பெட்டிய அடிச்சுட்டுப் போயிட்டீங்க.

தச்சர்: ...அப்புறம்?

காலேஜு: வீட்டுல பாத்திரம் கழுவுறப்போ சுருக்குன்னு உறைச்சுது. மறுநாள் எட்டு மணிக்குக் கான்கிரீட். முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வந்தேன். பார்த்தா, பெட்டி சரியான இடத்துல உட்கார்ந்திருக்கு!

தச்சர்: மேல இருக்கிறவர் பார்த்துக்கிட்டார்.

காலேஜு: மேல கிரேன்காரர்தான் இருந்தார். கேட்டேன், தெரியாதுன்னுட்டார்.

தச்சர்: அட, நான் கடவுளைச் சொன்னேன்!

காலேஜு: கடவுள் உங்களை மாதிரி பழைய ஆணிய நிமிர்த்தித் திரும்ப அடிப்பாரா?

தச்சர்: சிக்கனக்காரர் போல.

காலேஜு: கார் சத்தம் கேட்குது... வந்துட்டாரா?

தச்சர்: அது சிமெண்ட் லாரி. இங்க பாரு, கான்கிரீட் காய்ஞ்சு பைப்பும் இறங்கியாச்சு. இப்ப எழுதி, இந்த வருஷத்தைத் திரும்பப் படின்னு சொல்லிட்டா?

காலேஜு: சொன்னாலும் சொல்வார். ஆனா எழுதலேன்னா என் பொண்ணு முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

தச்சர்: ...சரி, எழுது. ஆனா வேற யார் பேரும் வரக்கூடாது. எஞ்சினியர்கிட்ட கேட்காம நகர்த்தினவன் மாட்டிக்குவான். யாரோ பாவம்.

காலேஜு: "நான் பத்தைச் சேர்க்க மறந்தேன். நல்லவர் ஒருத்தர் சரி செய்தார்." போதுமா? படிச்சுப் பாருங்க.

தச்சர்: நல்லவரெல்லாம் வேணாம், 'ஒருத்தர்' போதும். கண்ணாடி இல்லாம நான் எங்க படிக்கிறது? கிட்டத்துல எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அதான் சொன்னேனே, பேத்தி அது மேல உட்கார்ந்து நொறுக்கிட்டா.

காலேஜு: போன வாரம் பஸ்ல மிதிபட்டுச்சுன்னீங்க.

தச்சர்: பஸ்லதான் பேத்தி உட்கார்ந்தா.

காலேஜு: ஓஹோ. அப்ப மூணு வாரமா ஒரு பலகைகூட அளவு தப்பாம எப்படி அறுக்கிறீங்க?

தச்சர்: அதான் எனக்கும் அதிசயம். காலையில வந்தா ஒவ்வொரு பலகையிலயும் சாக்பீஸ்ல அளவு, உள்ளங்கை பெரிசுக்கு. சூப்பர்வைசர் வேலை போல.

காலேஜு: இருக்கும். நல்ல மனுஷர்.

தச்சர்: அந்த நல்ல மனுஷர் ஒன்பது மணிக்கு முன்னாடி வந்ததே இல்லையே. அது மட்டுமா? ஒவ்வொரு அளவுக்குக் கீழயும் கொட்டை எழுத்துல "பத்து சேர்த்தாச்சு"ன்னு. எந்தப் பைத்தியம் அதை வேலை மெனக்கெட்டு எழுதும்?

காலேஜு: ...ஒரு தடவை சேர்க்க மறந்த பைத்தியம்.

தச்சர்: அப்படி வா வழிக்கு! ஆனா ஒண்ணு கேட்கிறேன். கண்ணாடி உடைஞ்சதை நான் வாயத் திறந்து சொல்றதுக்கு முன்னாடியே, மறுநாளே பலகையில எழுத்து வந்துருச்சு. உனக்கு எப்படித் தெரியும்?

காலேஜு: அன்னிக்கு விடியக்காலையில ஓடி வந்தேன்ல... அந்தப் பெட்டி ஓரமா உங்க மூக்குக்கண்ணாடிச் சில்லு கிடந்துச்சு அண்ணே. கான்கிரீட் வர்றதுக்குள்ள ஒவ்வொண்ணாப் பொறுக்கிட்டேன். இன்னும் என் பையிலதான் இருக்கு.