ரிங் போய்க்கொண்டுதான் இருந்தது

உங்கள் ஸ்டேஷனில் போன் அடித்தால் உடனே எடுத்துவிடுகிறார்கள், மேடம். காலையிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறேன். ஆம்பூர் வட்டாரத்தில் இப்படி ஓர் இடத்தைப் பார்ப்பதே அபூர்வம். அடித்தால் எடுப்பது, எடுத்தால் பேசுவது. இவ்வளவு எளிய விஷயத்தை இந்த ஊருக்குக் கற்றுக்கொடுக்கத்தான் நான் முயன்றேன். மற்றதெல்லாம் தானாகத் தொடர்ந்து வந்தது.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில், டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். தோல் தொழிற்சாலைகளுக்குக் குழு போன் இணைப்பு கொடுக்கிறோம்; தொழிலாளிகள் கையில் இருப்பதெல்லாம் எங்கள் சிம்தான். அதன் சிக்னலிங் சர்வரை நிர்வகிப்பவன் நான். அது என்ன என்று கேட்டீர்கள். கல்யாணத் தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பேசுவதற்கு முன்னால், எதிர் வீட்டில் ஆள் இருக்கிறதா, வேறு இடத்தில் பேச்சு ஓடுகிறதா என்று விசாரித்து, வாசலில் மணியடித்து, இன்னார் வந்திருக்கிறார் என்று சொல்லும். பேச்சு தொடங்கியதும் ஒதுங்கிக்கொள்ளும். யாருடைய மணி யார் வாசலில் அடிக்கலாம், எது அடிக்கக் கூடாது என்பதற்கு விதிகள் உண்டு. அவற்றை எழுதுவது நான்.

ஆம்பூர்க்காரர்களுக்கு இந்தத் தரகர்மேல் மரியாதை கிடையாது. மணியடித்துவிட்டு ஓடிவிடுவார்கள். பிரியாணிக் கடைக்கு ஒரு மிஸ்டு கால் விட்டால், வழக்கம்போல் பார்சல் கட்டு என்று அர்த்தம். ஷேர் ஆட்டோவுக்கு விட்டால், ஷிப்ட் முடிந்தது, வா. மாமியாருக்கு விட்டால், பத்திரமாக வந்து சேர்ந்தோம். பேச்சு இலவசமாகிப் பல வருஷம் ஆயிற்று. பழக்கம் மட்டும் ஓயவில்லை. இவர்களின் ஒவ்வொரு கஞ்சத்தனமும் என் சர்வரில் 'எடுக்கப்படாத அழைப்பு' என்று ஏறும். சென்னையில் மாதாந்திரக் கூட்டத்தில் அதைச் சுவர் முழுக்கப் போட்டுக் காட்டுவார்கள். எல்லா ஊரும் பச்சை. ஆம்பூர் மட்டும் சிவப்பு.

"என்ன ஹேமந்த், உங்க ஜனங்களுக்கு போனை எடுக்கவே தெரியாதா? இல்ல, உங்க சர்வருக்கு மணியடிக்கத் தெரியாதா?" என்றார் எங்கள் மேலதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். முதல் கேள்வி எனக்கு வலிக்கவில்லை.

மிஸ்டு கால் அதிகம் வரும் தொழிற்சாலைக்கு நேரில் போனேன். சூப்பர்வைசர் ஷோயப் உள்ளே அழைத்துப் போனார். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மர டிரம்கள் உருண்டுகொண்டிருந்தன. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். டிரம் கழிவைத் திறந்துவிடும் வால்வு கன்னியப்பன் பொறுப்பு. அந்தக் கழிவு வாய்க்கால் வழியாகக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள குழிக்குப் போகும். குழியின் ஜல்லடையில் தோல் மயிரும் சதைத் துணுக்கும் அடைத்துக்கொள்ளும். அதை இறங்கி எடுப்பவர் புகழேந்தி. ஆள் இறங்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். அந்தக் குற்றம் நிர்வாகத்தின் தலையில். என்னுடையதோடு கலந்துவிடாதீர்கள்.

குழியிலிருந்து பார்த்தால் வால்வு தெரியாது. எனவே புகழேந்தி இறங்குமுன் கன்னியப்பனுக்கு ஒரு மிஸ்டு கால் விடுவார். வெளியே வந்ததும் இன்னொன்று. போன் கன்னியப்பனின் சட்டைப்பையில், அதிர்வில் இருக்கும்.

"எடுத்து, சரி என்று ஒரு வார்த்தை சொல்லலாமே?" என்று கேட்டேன்.

"கையெல்லாம் சுண்ணாம்பு சார்," என்றார் கன்னியப்பன். "எடுத்தா போன் பூடும். காதுல வெச்சா காதும் பூடும். நெஞ்சுல ஒருதரம் அதிர்ந்தா போதும், வால்வாண்ட போவ மாட்டேன்."

"அவர் உள்ளே இருக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்?" என்றேன்.

"உள்ள ஏற்கெனவே ஆசிட் தண்ணி கெடக்கும். சுண்ணாம்புத் தண்ணி அதோட சேந்தா கேஸ் கெளம்பும் சார். முட்டை அழுகுன நாத்தம் வர்ற வரைக்கும் ஓடி வந்துடலாம். நாத்தம் நின்னுச்சுன்னா, ஆள் முடிஞ்சான்னு அர்த்தம்."

"நான் சிவப்பு லைட் கேட்டு எழுதியிருக்கேன் சார்," என்றார் ஷோயப். "வரும்னு சொல்றாங்க."

நான் பொறுமையாக விளக்கினேன். இப்படி மணியடித்து வெட்டுவதால் சர்வரின் மதிப்பெண் குறைகிறது என்றேன். புகழேந்தி கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சர்வர் ரொம்ப பேஜார் ஆவுதா சார்? பாவம், ஒக்கார வெச்சு சோடா குடுங்க. ஆமா, அவ்ளோ பெரிய கம்பெனியில நீங்க இன்னா வேலை? நாங்க உடுற மிஸ்டு கால எண்றதா?"

டிரம் இரைச்சலிலும் அவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து நான் அங்கே 'மிஸ்டு கால் சார்'. பிரியாணிக் கடையில்கூட, "மிஸ்டு கால் சாருக்கு ஒரு இலை போடு" என்றார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் என் சுபாவம் இல்லை.

ஒரு விதி எழுதினேன். அதற்கு 'நாகரிகம்' என்று பெயர் வைத்தேன். ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது மேடம். நீங்கள் போன் போட்டால் காதில் 'ட்ரிங் ட்ரிங்' என்று கேட்கிறதே, அது எதிர்முனையில் அடிக்கும் மணி அல்ல. அது தனி ஒலி. வேண்டுமானால் என் சர்வரே அதைப் போட்டுக்காட்டும். ஊரே 'ரிங் போவுது' என்று நம்பும். அடித்து அடித்து வெட்டும் எண்களிலிருந்து அழைப்பு வந்தால், அழைத்தவர் காதில் ரிங் கேட்கும். எதிர்முனைக்கு அழைப்பே போகாது. போகாத அழைப்பு எடுக்கப்படாத அழைப்பு ஆகாதல்லவா? ஆம்பூர் பச்சை ஆனது. சென்னையில் கைதட்டினார்கள்.

எதிர்ப்பு வந்தது. பிரியாணிக் கடைக்காரர் அன்றே கூப்பிட்டுக் கத்தினார். அவருக்கு விதியை நீக்கினேன். மதியம் அங்கேதான் சாப்பிட வேண்டும். ஆட்டோக்காரர்களுக்கு நீக்கினேன். மாமியார்களுக்கும் நீக்கினேன். நான் கல்நெஞ்சன் இல்லை. கடைசியில் ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணுக்குப் போகும் வழியில் மட்டும் விதி மிச்சம் இருந்தது.

புகழேந்தி கூப்பிட்டார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"சார், ரிங் போவுது. கன்னியப்பன் பாக்கெட்ல அதிரல சார். நேத்து நான் உள்ள இருக்கசொல்லவே தண்ணிய தொறந்துட்டான். நல்ல வேள, கையேணியப் புடிச்சிட்டு மேல வந்துட்டேன்."

"உங்கள் காதில் ரிங் கேட்டதா?"

"கேட்டுச்சு சார்."

"அப்படியானால் அவர் போனில்தான் பழுது. மாற்றச் சொல்லுங்கள்."

கன்னியப்பன் தன் மகள் தமிழினியின் போனில் சிம்மைப் போட்டார். சோதித்துப் பார்க்கப் போவதாக என்னிடமே சொன்னார்கள். நான் விதியைச் சற்று நேரம் எடுத்துவிட்டேன். போன் அழகாக அதிர்ந்திருக்கிறது. "சூப்பர் சார், இப்ப சரியாப் போச்சு. அன்னிக்கு எதனா தப்பாப் பேசிட்டிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க," என்றார் புகழேந்தி.

"நான் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை," என்றேன். பேசி முடித்ததும் விதியைத் திரும்பப் போட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். சரிசெய்துவிட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. அவர்தான் சொன்னார். மேலும், ஒருவர் மன்னிப்புக் கேட்டார் என்பதற்காக ஒரு நல்ல விதியைக் கைவிட முடியாது.

அடுத்த முறை ஜல்லடை அடைத்த அன்று நான்தான் திரைக்கு முன்னால் இருந்தேன். என்னோடு வேலை செய்யும் வசந்த் குடும்பத்தோடு சோளிங்கர் மலைக்குப் போயிருந்தார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். புகழேந்தியின் அழைப்பு வந்தது. ஒரு ரிங், வெட்டு. இறங்கப் போகிறார் என்று தெரிந்தது. அழைப்பு என் சர்வரோடு நின்றது. விதி சரியாக வேலை செய்ததைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது, மேடம்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே எண். இந்த முறை அவர் வெட்டவில்லை. முதல் முறையாக வெட்டவில்லை. ரிங் போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி வந்தது. வேறு எண்ணைத் தேட அவகாசம் இல்லை போலிருக்கிறது. கடைசியாகப் போட்ட எண்ணையே தட்டியிருக்கிறார். என் விரல் விசைப்பலகைமேல்தான் இருந்தது. விதியை எடுக்க ஒரே வரி போதும். ஆனால் பாருங்கள், எதிராளி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் அப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறார். நடுவில் புகுந்து கெடுப்பது முறையா? நான் ரிங்கைத் தொடரவிட்டேன். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிடப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி சுந்தரி கன்னியப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம். "அண்ணே, சாமி சத்தியமா சொல்லு, அவரு ரிங் உட்டாரா?" கன்னியப்பன், "உடலம்மா, என் நெஞ்சுல அதிரலம்மா" என்று அழுதாராம். வெளியே உங்கள் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அவரை அனுப்பிவிடலாம். அவர் சொல்வது உண்மை.

ஆனால் அவருக்காக நான் வரவில்லை. அப்படி எழுதினால் தப்பாகிவிடும். எங்கள் கம்பெனி வக்கீல் நேற்று பாகாயத்தில் என் வீட்டுக்கே வந்தார். சர்வரில் தொழில்நுட்பக் கோளாறு, யாரும் பொறுப்பல்ல என்று ஒரு காகிதம் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டால் கேஸ் முடிந்தது, வேலையும் போகாது என்றார். நீங்களும் அதே வார்த்தையைத்தான் டைப் செய்து வைத்திருக்கிறீர்கள். நல்ல மனசோடு செய்திருப்பீர்கள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் என் சர்வர் ஒருமுறைகூடப் படுத்ததில்லை. அன்றும் நான் சொன்னதை, சொன்ன எண்ணுக்கு, சொன்னபடி செய்தது. அவர் கூப்பிட்டார், நான் நிறுத்தினேன், அவர் சாகிறார் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் கோளாறு எங்கே இருக்கிறது?

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள் மேடம், ஆட்சேபணை இல்லை. கோளாறு என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். எனக்கும் தொழிலில் ஒரு நல்ல பேர் இருக்கிறது.