நரிப் படத்தில் பார்த்த ரிசல்ட்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலை. பிள்ளையார்பாளையம் பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் கடைக்காரர் இருந்தார். அவருக்குப் பின்னால், புடவையில் பட்டு நூல் ஒட்டிய ஒரு தறிக்காரம்மாவும் பரீட்சை எழுதிய அவர் மகளும். அடுத்து பக்கத்து ஊர் ஓரிக்கைக்காரர் ஒருவர். கடைசியில் நான்.

இன்டர்நெட் திறக்கத் திரையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று நீல 'e' எழுத்து, மற்றது உலகத்தைச் சுற்றிப் படுத்த நரி.

"நீலத்துல சுத்திக்கினே இருக்குது மா. நரியில போடட்டா?" என்றார் கடைக்காரர்.

"வேணாண்ணா, எல்லாரும் நீலத்துலதான் பாக்குறாங்க," என்றாள் மகள்.

"நரியா? போடுப்பா! நரி முகத்துல முழிச்சா நல்லதுடி," என்றார் தறிக்காரம்மா.

"அதுல வாலுதான் மா தெரியுது, மூஞ்சி எங்க?" என்றார் ஓரிக்கைக்காரர்.

"பாதி தெரியுது இல்ல, போதும். ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரம் தாண்டினா காலேஜி, இல்லன்னா தறின்னு இவங்கப்பா சொல்லிட்டாரு. நல்லா பாருடி அத!"

மகள் நரியை உற்றுப் பார்த்தாள். கடைக்காரர் அதை அழுத்தி, நம்பரைப் போட்டார்.

"வருது, வருது! தள்ளாதீங்கபா!"

"மொத்தம் சொல்லுப்பா, மொத்தம்!"

கடைக்காரர் படித்தார்.

ஆயிரத்து மூன்று.