வட்டத்துக்குக் கீழே ஒரு பேர்

ஹலோ... ஆமாக்கா, நான்தான். சொல்லுங்க... ஆமா, ஆமா, தெரியும். நோயாளி பேரத் தொட்டா ஆப் அப்படியே மூடிக்குது... இங்கயும் அதே கதைதான். காலைலேர்ந்து பதினோரு தடவ ஓட்டிட்டேன், பதினோரு தடவையும் விழுது.

உங்க பிசியோதெரபி ரூம்ல எத்தன பேரு உக்காந்திருக்காங்க?... நாலு பேரா. நேத்து முட்டி எவ்வளவு மடங்குச்சுன்னு தெரியாம இன்னைக்குப் பயிற்சி குடுக்க முடியாது, புரியுது... இல்லக்கா, ஒண்ணும் அழியல, எல்லாம் பத்திரமா இருக்கு. அதக் காட்டற வட்டம்தான் வரமாட்டேங்குது.

என்ன கோளாறா?... அது வந்து... கண்டுபிடிச்சு அர மணி நேரம் ஆச்சுக்கா. கைதான் போகமாட்டேங்குது.

இல்ல, இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல... சொல்றேன். அந்த வட்டம் உங்க தம்பி செஞ்சது... ஆமா, அவன்தான். இத்தன நாளா ஓடினது என்னோடது, பாக்கவே சகிக்காது. அவன் போய் ஒன்பது மாசம், அதவிட நல்லதா ஒண்ணு செஞ்சிரலாம்னு முட்டி மோதிட்டு, நேத்து புது வெர்ஷன்ல அவனோடதையே எடுத்து, ஓட்டிக்கூடப் பாக்காமப் போட்டேன்.

எப்படிச் சொல்றது... திரைல தெரியற படம் ஒரு ஃபைல்ல இருக்கும், அத ஆட்டி வைக்கற கோட் வேற ஃபைல்ல இருக்கும். நடுவுல பேர் வச்சு ஒரு இணைப்பு. அவுட்லெட்டுன்னு சொல்லுவோம். படம் பேரச் சொல்லிக் கூப்பிடும், கோட் 'இந்தா இருக்கேன்'னு வரணும். வரலேன்னா ஆப் விழுந்துரும்... ஆமா, அதேதான். கூப்பிடுது, ஆளில்ல.

பேரா?... மொட்டை.

...ஆமாக்கா. ஆபீஸ்ல உங்க தம்பிக்கு அதான் பேரு. மொட்டைன்னு ஒண்ணு இங்க இல்லேன்னு திரைல வந்து நிக்குது. ஒவ்வொரு தடவையும். மூணாவது தடவைக்கு அப்புறம் எந்திரிச்சுப் போய் ரூம் கதவத் திறந்து வச்சுட்டு வந்தேன். வெளில யாரோ நிக்கற மாதிரியே இருந்துச்சு... சிரிக்காதீங்க.

எப்படி இல்லாமப் போச்சா... நான்தான்க்கா எடுத்தேன். வட்டத்துக்குக் கீழ எழுத்து காட்டற லேபிள் ஒண்ணு வச்சிருந்தான். கோட்ல அதோட பேரு மொட்டைன்னு பாத்தேன். சேர்ந்து செஞ்ச வேலைல உன் பேர மட்டும் ஏண்டா போட்டேன்னு கத்தினேன். 'மொதல்ல ஓட்டிப் பாருடா, அப்புறம் கத்து'ன்னான். நான் பாக்கல. அவன் கண்ணு முன்னாடியே அந்த வரிய அழிச்சேன். பைய எடுத்துட்டுப் போய்ட்டான்... ஆமா, அதுக்கப்புறம் பேசவேயில்ல. மூணு வாரம். அப்புறம் விபத்துன்னு நீங்கதான் போன் பண்ணீங்க.

கோட்ல அழிச்சவன் படத்துல இருக்கற இணைப்ப எடுக்கல. கத்துக்குட்டி பண்ற தப்பு.

சரி பண்றது ரெண்டு நொடி வேலைக்கா. இணைப்புக்குப் பக்கத்துல ஒரு பெருக்கல் குறி இருக்கு, அமுக்கினா தீந்துச்சு. அப்புறம் அவன் பேர் எங்கயும் இருக்காது... இன்னொரு வழியும் இருக்கு. அழிச்ச வரியத் திரும்ப எழுதலாம்... ஆமா, ரெண்டுலயும் ஓடும். அதான்க்கா, எதச் செய்யறதுன்னு நீங்க... சரி, சரி, திட்டாதீங்க. நாலு பேரு காத்திருக்காங்க, தெரியும். நானே முடிவு பண்றேன்.

இருங்க, வைக்காதீங்க... மொட்டை... எழுதிட்டேன். ஓட்டறேன்... திறக்குது. வட்டம் வந்துருச்சுக்கா.

...

இருக்கேன்... இருக்கேன்க்கா. ஒண்ணுமில்ல. கால் மணி நேரத்துல உங்க போனுக்கு வந்துரும்... அழல.

கீழ அந்த லேபிள் வந்திருக்கு. படத்துல வெள்ளை மேல வெள்ளையா இருந்துச்சு, எழுத்தே தெரியல. ஓடும்போதுதான் பின்னாடி நீலம் வருது... படிக்கறேன். 'செஞ்சவங்க: குட்டை, மொட்டை.'

குட்டையா? நான்தான்க்கா. அவன் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவான்... ஆமா, என் பேர்தான் முன்னாடி இருக்கு.

என்ன?... குட்டைன்னா யாருன்னு உங்களுக்கு இத்தன நாளாத் தெரியாதா?... அவன் சொல்லிட்டிருந்தானா?... எப்போ?... அந்த மூணு வாரமுமா? சாப்பிடும்போதும் போனப் பக்கத்துலயே வச்சிருந்தானா... 'குட்டை கூப்பிடுவான்'னு சொன்னானா...

அக்கா, விட்டு விட்டுக் கேக்குது... ஹலோ... அக்கா... ஹலோ...