பழுதில்லாத இடது கால்

உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் சார். நின்றுகொண்டே எழுதாதீர்கள், நிற்கிற வேலைக்காரர்களுக்குத்தான் காலில் நரம்பு சுருண்டு புடைக்கும். இருபத்திரண்டு வருடமாக அதை எடுப்பதுதான் என் தொழில்.

என் தங்கையின் கணவரும் அப்படித்தான் வந்தார். முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், நாள் முழுக்க நின்றே வேலை. வாய் மட்டும் சும்மா இருக்காது. உறவுக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் என்னை "அரை டாக்டர்" என்பார். இடுப்புக்கு மேலே மச்சானுக்கு ஒன்றும் தெரியாது என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் தங்கைதான் உரக்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் அவள் பட்ட பாடு எனக்கு மட்டும் புரிந்தது.

அவருடைய அப்பாவும் அண்ணனும் ஐம்பது தாண்டாமல் மாரடைப்பில் போனவர்கள். இதயத்தில் அடைப்பு வந்தால், அதைச் சுற்றி மாற்றுவழி போடப் பெரும்பாலும் காலிலிருந்து இதே ரத்த நரம்பைத்தான் எடுப்பார்கள். அதனால் நல்ல நரம்பில் கை வைக்காதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

ஆபரேஷனுக்கு முன் நோயாளியை நிற்க வைத்து, எடுக்க வேண்டிய நரம்பின்மேல் பேனாவால் கோடு போடுவோம். வலது காலில் போட்டேன். இடது காலில் ஒரு கோளாறும் இல்லை. அதிலும் போட்டேன்.

"ரெண்டுமா மச்சான்?" என்று கேட்டார்.

"ஒரேயடியா முடிச்சிடலாம் மாப்பிள்ளை."

என்னை முழுசாக நம்பினார். எடுத்ததைக் கழிவு வாளியில் போட்டுவிட்டு, இரண்டுமே கெட்டிருந்ததாக எழுதினேன்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். ஒன்பது வருடம் பொறுத்தேன். போன மாதம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அடைப்பு நான்கு. மார்புக்குள்ளிருந்து ஒரு குழாய்தான் தேறியது. கையில் இருந்ததை எடுத்தால் விரல்களுக்கு ரத்தம் போகாது. மீதி மூன்றுக்கு எதை வைத்துத் தைப்பது என்று இதய டாக்டர் விழித்தார்.

வராந்தாவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, என் காலை அறுத்து எடுக்கச் சொல்லேன். நான் நடக்காட்டிப் பரவாயில்லை. அவர் இருக்கணும்."

அடுத்தவர் நரம்பு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி உட்கார வைத்தேன். மூன்றாம் நாள் அவர் இறந்தார்.

இடது காலின் பழைய ஸ்கேன் உங்களிடம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் கெஞ்சியதையும் சேர்த்து எழுதுங்கள் சார். ஒரு பெண் அந்த அளவுக்குக் கெஞ்சுகிறாள் என்றால், அந்த ஆள் அவளை எவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்க வேண்டும்.